காக்கைகூட இல்லாத படம்

மாத்தளையில் நுஹ்மானின் வீட்டு ஹாலில் ஒரு பனிக்காலப் படம் தொங்கியது. காடு, வேலி, கதவு மூடிய ஒரு மரவீடு. உயிருள்ளவற்றின் உருவத்தை வீட்டில் மாட்டக்கூடாது என்பதால், ஒரு காக்கைகூட இல்லாத படமாய்த் தேடி வாங்கியிருந்தார்.

மகன் ஷிஃபான் ஐரோப்பாவுக்குக் களவாகப் போன வழியில், எல்லைக் காட்டுப் பனியில் உட்கார்ந்தவன் எழும்பவேயில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். அடக்கம் செய்ய மையித்துகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவன் உம்மா நாச்சியா முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.

பிறகுதான் படத்தில் காட்டோரமாகக் காலடித் தடங்கள் தெரிந்தன. வாரத்துக்கு வாரம் அவை மரவீட்டை நெருங்கின. தடம் உருவமல்லவே என்று நுஹ்மான் விட்டுவைத்தார்.

இன்று விடியலில் சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப் பார்த்தால், மரவீட்டுக் கதவின் முன்னால் ஒருவன் முதுகு காட்டி நின்றான்.

"உருவம் வந்துட்டு, நாச்சியா. இனி வெக்க ஏலாது."

"மஃரிபு வரைக்கும் பொறுங்க. இவ்வளவு தூரம் நடந்து வந்தீக்கான். யாராச்சும் கதவத் தொறக்கட்டும்."

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு இருவரும் வந்து பார்த்தார்கள். வாசலில் ஆளில்லை. மூடிய கதவுக்கு மேலே, கூரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

"இப்ப உருவமில்ல. இருக்கட்டும்," என்றார் நுஹ்மான்.

நாச்சியா போய் முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.