வாசப்படி ஏறாத வார்த்தை

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கோமு சிரித்துவிட்டாள்.

லேசான சிரிப்பு இல்லை. தோள் குலுங்குகிற சிரிப்பு. அதுவும் விழுந்து கும்பிடும்போது.

"என்னவே இது? கும்பிடுத பிள்ளைக்கு என்ன சிரிப்பு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா சிவசண்முகம் பிள்ளை. பாளையங்கோட்டைக் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து பென்ஷன் வாங்குகிறவர்.

கோமுவின் அப்பா நமச்சிவாயத்துக்கு முகம் செத்துப் போச்சு. பதினேழு வயசு மகளை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார் என்று ஏரல் முழுக்கப் பேச்சு. இந்த இடமும் தட்டிப் போனால் அவ்வளவுதான்.

ஆனால் சிரிப்புக்கு முன்னால் நடந்ததையும் சொல்லணும். இல்லாவிட்டால் பழி பூராவும் அந்தப் பிள்ளை தலையில் விழும்.

வந்து பெஞ்சில் உட்கார்ந்ததுமே சிரஸ்தார், நமச்சிவாயத்தைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். தன் சரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து மடியில் விரித்தார். அதில் பாதி நமச்சிவாயத்தின் மடியிலும் கிடந்தது.

எதிர் நாற்காலியில் மாப்பிள்ளை ஆவுடைநாயகம். "உக்காருலே" என்றார் அப்பா, உட்கார்ந்தான். "சாப்பிடுலே" என்றார், சுசியத்தைக் கடித்தான். மற்றபடி அவன் வாயைத் திறக்கவே இல்லை.

"எட்டாவது வரை படிச்சியாமே. இங்கிலீஷ் வருமா?" என்று கோமுவைக் கேட்டார் சிரஸ்தார்.

"வரும் மாமா."

"ட்ரேடுன்னா என்ன?"

"வியாபாரம்."

"அவ்வளவுதானா? ஒங்க மிஷன் பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் சொல்லிக்குடுப்பாகளோ?"

கோமுவுக்குச் சுருக்கென்றது. அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஜெபராணி டீச்சரைச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

"தொழில்னும் சொல்லலாம். அதே ஜாதி வார்த்தை இன்னும் கெடக்கு மாமா. காமர்ஸுன்னா வாணிபம். பார்ட்டருன்னா பண்டத்துக்குப் பண்டம். எக்ஸ்சேஞ்சுன்னா மாத்திக்கிடுதது. டீலிங்ஸுன்னா குடுக்கல் வாங்கல். பார்கெயினுன்னா பேரம். இன்னும்..."

"போதும் போதும். கேட்டேரா நமச்சிவாயம்? இங்கிலீஷ்காரன் இத்தனை வார்த்தை வச்சிருக்கான். இதுல ஒண்ணுகூட எங்க வீட்டு வாசப்படி ஏறுனதில்ல. ஆத்துத் தண்ணி பாயுத வயலு, சர்க்கார் உத்தியோகம். கலெக்டர் துரையே பிடிச்சுக் குலுக்குன கை வே இது!"

நமச்சிவாயம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டிலும் ஒருகாலத்தில் வயல் இருந்தது. அது போன பிறகு, உழவு மாடு வாங்கி விற்றுத்தான் சோறு.

"சம்பந்தி மாட்டு வியாபாரின்னு நாளைக்கு நான் வெளிய சொல்ல முடியுமா? கல்யாணத்துக்கு முந்தி தொழுவத்தைக் காலி பண்ணிரும். சந்தைப் பக்கம் ஒம்ம காலு படக் கூடாது."

"ஆகட்டும் அண்ணாச்சி" என்றார் நமச்சிவாயம்.

கோமு அப்பாவைப் பார்த்தாள். ஒரு நாள் மாட்டைத் தடவிக்கொடுக்காமல் இருந்தால் காய்ச்சல் வந்துவிடும் இந்த மனுஷனுக்கு. தொழுவத்தைக் காலி பண்ணிவிட்டு என்னத்தைத் தடவுவார்?

"மத்தபடி எங்களுக்குப் பொண்ணு போதும் வே. குடுக்கல் வாங்கல்னு ஒரு பேச்சு என் வாயில வராது" என்றார் சிரஸ்தார்.

"ஏட்டி கோமு, மாமாவ விழுந்து கும்பிடு" என்றார் அப்பா.

விழுந்தாள். நிமிரும்போது கண் நேராகப் பெஞ்சில் முட்டியது. நிற்கிறவர்களுக்கு அங்கவஸ்திரத்தின் சரிகைதான் தெரியும். தரையில் கிடக்கிறவளுக்கு உள்ளே இருப்பதும் தெரிந்தது.

உள்ளே, அப்பாவின் கையை சிரஸ்தாரின் கை பிடித்திருந்தது. சும்மா பிடிக்கவில்லை. இரண்டு விரலைச் சேர்த்து அமுக்கியது. அப்பாவின் கை பின்வாங்கியது. அது விடவில்லை. இன்னொரு விரலையும் வளைத்துப் பிடித்தது.

சின்னதில் அப்பாவோடு வண்டியேறிச் சந்தைக்குப் போனவள் கோமு. மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாயைத் திறந்தால் பக்கத்து ஆளுக்குத் தெரிந்துவிடும். சிரஸ்தார் விரலாலேயே சீதனம் பேசிய வேகத்தைப் பார்த்தால், சந்தையில் பழம் தின்று கொட்டை போட்ட தரகன் காசிலிங்கமே அவரிடம் பிச்சை வாங்கணும்.

அப்போதுதான் சிரித்தாள்.

"கேக்கேன்லா, என்ன சிரிப்புன்னு!" சிரஸ்தார் அதட்டினார். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

கோமு எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். "ஒண்ணுமில்ல மாமா. சந்தையில அப்பா ஒரு முறை வச்சிருக்காங்க. இன்னைக்கு அது தப்பிப் போச்சேன்னு சிரிச்சேன்."

"என்ன முறை?"

"துண்டுக்குள்ள கையை விடுததுக்கு முந்தி, மாட்டுக்குப் பல்லைப் பாத்துருவாங்க."



நமச்சிவாயம் எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள் கோமு. அவரோ சிரஸ்தாரின் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார். தோளில் கிடந்த சந்தைத் துண்டை உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை சொல்லுதது வாஸ்தவந்தான், அண்ணாச்சி. நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்னு இப்பல்லா தெரியுது. பெறகு எதுக்கு நான் தொழுவத்தைக் காலி பண்ணணும்?"

அப்படியே எதிர் நாற்காலிப் பக்கம் திரும்பினார். பழக்கத்தில் குரல் சந்தைக் குரலாகிவிட்டது.

"எங்க தம்பி, வாயைத் தொறங்க."

"மரியாதை கெட்டுரும் வே!" என்று துள்ளி எழுந்தார் சிரஸ்தார்.

அதற்குள் மாப்பிள்ளை வாயைத் திறந்துவிட்டான்.