ஒவ்வொரு இமைமுடியும்

ஜூம் இல்லாத தன் சின்னக் கேமராவை மாற்றுவதா வேண்டாமா என்று பார்க்க, சந்தானம் கேமராக் கடையிலேயே மனைவி வேதவல்லியின் முகத்தைப் பழையதில் ஒரு படம், கடைக்காரர் காட்டிய புதியதில் ஒரு படம் என எடுத்துத் திரையில் பெரிதாக்கினார்.

"புதுசுல ஒவ்வொரு இமைமுடியும் தனியாத் தெரியுது பாரு. மாத்திடலாமா?"

"எனக்கு ரெண்டும் புகைக்குள்ள இருக்கு."

"உனக்கு ரசனை கிடையாது."

"கண்ணே தெரியல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு தீபாவளியிலேர்ந்து கேக்கறேன். கருவிழிக்குள்ள வெள்ளையா ஏதாவது தெரியுதா?"

"அது கடை லைட்டு."

"வெயில்ல நின்னாலும் இருக்கும் அது."

"பழசுல அவ்வளவு தெளிவா விழல."

வேதவல்லி புதிய கேமராவை அவர் கையிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்தாள். "வெறுங்கண்ணால பாருங்க. கிட்ட வாங்க."

சந்தானம் கிட்டே வந்தார், பழைய கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தியபடி.