ஞாயிற்றுக்கிழமைக் கீரை

தையல்காரர் வீட்டுப் பக்கம் வாடிய வெங்காயத்தைத் தவிர எதுவும் கிடைக்காது. ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிப் போய்த்தான் கீரை, தக்காளி வாங்கி வருவார்.

"பாவம், அரை நாள் அலையுறீங்க" என்பாள் மனைவி.

"தலையெழுத்து" என்பார். சந்தையில் கூட்டாளிகளோடு போடும் சீட்டாட்டத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை.

தெருக்காரர்களே சேர்ந்து காய்கறிக் கடை திறப்பதென்று கூட்டம் போட்டார்கள். மனைவி முன்வரிசையில். தையல்காரர் கடைசியில்.

"கடை வேண்டாம்ங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர்.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு, காதைச் சொறிவதுபோலக் கையை உயர்த்தினார்.

"ரெண்டே பேர்தான். அப்போ கடை வருது."

யாரந்த இன்னொரு புண்ணியவான் என்று நிமிர்ந்தார். முன்வரிசையில், தூக்கிய கையை இறக்காமலே திரும்பிப் பார்த்தாள் மனைவி.

வீடு திரும்பும் வழியில் கேட்டார்: "நீ எதுக்குக் கை தூக்கினே?"

"ஏங்க, அந்த அரை நாள் லீவு உங்களுக்கு மட்டும்தானா?"