புகை போட்ட மானிட்டர்

“ஏம்மா, இதை எதுல வாட்டின? இது மானிட்டரா, ஆட்டுத்தொடையா?”

வாரண்டி கவுன்டரில் இருந்த தாஷ்டான், மானிட்டரை மூக்கருகே வைத்து முகர்ந்தான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். புருலுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நடுவுல ஊதாக் கோடு விழுந்துடுச்சுண்ணே. வாங்கி ஒரு மாசம்கூட ஆகல.”

“கோடு கம்பெனி தப்பு, சரி. அடிப்பக்கம் உருகியிருக்கே, அது யார் தப்பு?”

மாமியார் தப்பு என்று எப்படிச் சொல்வாள்?

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்தில் கண் படாமலிருக்கப் புது மருமகளுக்கும் புகை, புதுக் காருக்கும் புகை. கோடு விழுந்ததைப் பார்த்த மாமியார், “பக்கத்து வீட்டுக்காரி கண்ணு பட்டுடுச்சு” என்று ஆர்ச்சா மரத் தழையைச் சட்டிக் கனலில் போட்டு மானிட்டரைச் சுற்றினார். கை வலித்ததும் சட்டியை அதன் அடியிலேயே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். கோடு போகவில்லை. பிளாஸ்டிக்தான் போனது.

“நெருப்பு பட்டா வாரண்டி கிடையாது. அனுப்பிப் பார்க்கிறேன். நம்பிக்கிட்டு இருக்காதே.”

“அண்ணே, துருக்கி சீரியலுக்குக் கீழ ஓடுமே, அந்தக் கிர்கிஸ் வசனம் எழுதுற வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பலேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. வேலை போச்சுன்னா என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு மாஸ்கோ போயிடுவார். பைகூடக் கட்டி வச்சாச்சு.”

“அதெல்லாம் புகை போடுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். அடுத்தது யாரு?”

கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

புதன்கிழமை தாஷ்டானே வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில், ஒட்டுப்போட்ட போர்வையில் சுற்றிய ஒரு மூட்டை.

“சுயுன்ச்சு!” என்று கத்தினான்.

நல்ல சேதி கொண்டுவந்தவன் இப்படிக் கத்தினால் அவன் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம்.

“மாத்திக் கொடுத்துட்டாங்களாண்ணே?”

“வேற மானிட்டர் வந்தாச்சு. முதல்ல சுயுன்ச்சுவை எடு!”

மாமியார் உள்ளே ஓடி, பெட்டியிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்து வந்தார்.

“இதெல்லாம் வேண்டாம் பெரியம்மா. அந்தக் கோடு விழுந்த பழசைக் கொடுத்துடுங்க. கடையிலதான் கிடக்கு. ‘எடுத்துக்கோ’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“எடுத்துக்குங்க” என்றாள் புருல், அரை மனதாக.

அவன் போனதும் போர்வையைப் பிரித்தார்கள். அட்டைப்பெட்டி இல்லை. உறை இல்லை. ஓரத்தில் ஒரு கீறல் வேறு.

“பார்த்தியா!” மாமியார் கொதித்தார். “கம்பெனி புதுசைத்தான் அனுப்பியிருக்கும். அதை வித்துத் தின்னுட்டு, நம்ம தலையில பழசைக் கட்டிட்டான். பத்தாததுக்குச் சுயுன்ச்சுன்னு ஓட்டை மானிட்டரையும் பிடுங்கிட்டான்!”

“திருடனுக்குச் சுயுன்ச்சு ஒரு கேடா?” என்றான் கணவன் எமில்.

“அந்த ஆளு மூஞ்சியைப் பார்த்தப்பவே நினைச்சேன்” என்றாள் புருல்.

மானிட்டர் என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தது. சீரியல் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. அடுத்ததும் வந்தது. எமிலின் பை பிரிக்கப்பட்டு, துணியெல்லாம் அலமாரிக்குத் திரும்பியது. அன்றைக்குப் புருல் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மிச்சமிருந்தது அந்தப் போர்வைதான்.

“திருடன் பொருளா இருந்தாலும் நமக்கு வேண்டாம். வெறுமனே திருப்பித் தரவும் கூடாது” என்று மாமியார் சம்சா சுட்டு, துணியில் கட்டிக் கொடுத்தார்.

புருல் போனபோது கவுன்டரில் தாஷ்டான் இல்லை. “சாப்பிடப் போயிருக்கார். வீடு பின்சந்துலதான்” என்றார்கள்.

கதவைத் திறந்தது அவன் மனைவி. கையெல்லாம் மாவு.

“அவர் இப்ப வந்துடுவார். உள்ள வாங்க, டீ குடிக்காம வாசல்ல நிக்கலாமா?”

உள்ளே நுழைந்ததுமே ஆர்ச்சாப் புகை வாசம். மேஜை முன்னால் ஒரு சிறுமி கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துப் பள்ளிக்கூடப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். திரையின் நடுவில் ஊதாக் கோடு.

புருல் அப்படியே நின்றுவிட்டாள்.

“அதையா பார்க்கிறீங்க?” மனைவி சிரித்தாள். “எங்க வீட்டுல நல்லதுதான் இருந்துச்சு. யாரோ ஒரு பொண்ணோட மானிட்டர், நெருப்பு பட்டதுன்னு கம்பெனி மாத்த மாட்டேன்னுடுச்சாம். அது மாறலேன்னா அவ புருஷன் மாஸ்கோ போயிடுவானாம். அவ்வளவுதான், இவர் எங்களோடதைக் கழட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.”

“நீங்க தடுக்கலியா?”

“எப்படித் தடுக்கிறது? எங்க பொண்ணு முதமுதல்ல நடந்தப்ப இவர் மாஸ்கோவுல செங்கல் தூக்கிட்டு இருந்தார். போன்லதான் பார்த்தார். ‘சும்மா கொடுத்தா அந்தப் பொண்ணு வாங்காது’ன்னு பழசைச் சுயுன்ச்சுவாக் கேட்டு வாங்கிட்டு வந்தாராம்... ஆமா, நீங்க யாரும்மா?”

புருல் போர்வையை நீட்டினாள். தன் கையால் தைத்த போர்வையை அடையாளம் கண்டு அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருல் அவள் மாவுக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் புருல் நேராக அடுப்படிக்குப் போய்ப் புகைச் சட்டியை எடுத்தாள்.

மாமியார் பதறினார். “வேண்டாம்டி! இந்த மானிட்டரும் உருகிடப் போகுது!”

“மானிட்டருக்கு இல்ல அத்தை. தாஷ்டான் அண்ணன் பேரைச் சொல்லிச் சுத்துங்க. இந்தத் தடவை பட்டது நம்ம கண்ணு.”