சிரட்டை வள்ளம்

"சிரட்டையோ! சிரட்டையிலயோ குடுக்கிறியள்?"

கமலாவதி போட்ட சத்தத்தில், பப்பாப்பழத்தை வாய்க்குக் கொண்டுபோன பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கடற்கரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனங்கள், புத்தூரில் ஒரு பழைய புகையிலைக் கொட்டிலில் ஒரு வருடமாக இருக்கிறார்கள். மாவும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. பிள்ளைகள் விடிந்தால் தேத்தண்ணீரோடு சரி. அதனால்தான் மாதர் சங்கம் சனிக்கிழமைகளில் அவர்களுக்குக் காலைச் சாப்பாடாகப் பழம் கொடுக்கத் தொடங்கியது. யோசனை தலைவி ஞானாம்பிகையுடையது. அடுப்பு வேண்டாம், பிள்ளைகளின் உடம்புக்கும் நல்லது.

கமலாவதி சங்கத்தின் செயலாளர். மேடை கிடைத்தால் சமத்துவம் பேசாமல் இறங்கமாட்டாள். மேடை கிடைக்காத இடத்திலும் பேசுவாள்.

இன்றைக்கு அவள் கண்டது இது: ஆளுக்கொரு பாதிச் சிரட்டை, கடலில் போகிற வள்ளமாம். அதற்குள் பப்பாப்பழத் துண்டுகள். நடுவில் அரை வாழைப்பழம், வள்ளக்காரனாம். அவனுக்கு இரண்டு மாதுளை முத்துக் கண்கள். ஈர்க்கில் குத்திய கொய்யா இலை, காற்றுக்கு விரிக்கிற பாயாம்.

கமலாவதிக்குப் பாயும் தெரியவில்லை, வள்ளக்காரனும் தெரியவில்லை. சிரட்டை மட்டும்தான் தெரிந்தது.

"சாதி பாத்துப் படலைக்கு வெளியிலை நிப்பாட்டிச் சிரட்டையிலை தண்ணி வாத்த காலம் போட்டுது, அக்கா. இதுகளும் மனிசர்தான்!"

"ஐயோ கமலாவதி, பிள்ளையள் சிரிக்கட்டும் எண்டுதான் வள்ளம் செய்தனான். கண்ணாடித் துண்டாலை சுரண்டிச் சுரண்டி..." என்று தொடங்கினாள் ஞானாம்பிகை.

"எனக்குக் கதை விடாதையுங்கோ. சாதிப் புத்தி சாகும்வரைக்கும் போகாது எண்டு சும்மாவோ சொல்லுறது?"

அதுவரை சிரித்துக்கொண்டு நின்ற தாய்மாரின் முகம் செத்துப்போயிற்று. இராசாத்தி என்பவள் தன் மகள் அருந்ததியின் கையிலிருந்த சிரட்டையை வாங்கி நிலத்தில் வைத்தாள்.

"வையடி பிள்ளை."

"பசிக்குதம்மா."

"பொறு எண்டுறன்."

மற்றத் தாய்மாரும் அப்படியே செய்தார்கள். முப்பது பிள்ளைகள் பழத்துக்கு முன்னால் எச்சில் விழுங்கிக்கொண்டு இருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்ற கதைதான்.

கமலாவதிக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. ஊரில் ஒருத்தியாவது நியாயம் கேட்க இருக்கிறாளே!

"சரி," என்றாள் ஞானாம்பிகை. "பக்கத்து வளவுதானே உங்கடை வீடு. முப்பது சாப்பாட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ. நானே கழுவித் தாறன்."

"உதென்ன பெரிய காரியமே? இப்ப வாறன்!"

வீட்டுக் குசினியில் தட்டையான எவர்சில்வர் சாப்பாட்டுக் கோப்பைகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. விசேஷத்துக்கென்று வாங்கியவை, மூன்று டசின். கமலாவதி கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது.

மாமாவின் திவசத்துக்குப் படைக்கிற கோப்பைகள் அல்லவா? அவை வேண்டாம். கீழ்த்தட்டில் பழைய பீங்கான் கோப்பைகள் இருந்தன. ஆனால் அவற்றில்தான் தினமும் வீட்டுக்காரர் சாப்பிடுகிறார். ஞானாம்பிகை கழுவித் தருவா, அது சரி. கழுவினாலும்...

கழுவினாலும் என்ன என்று தனக்கே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள்.

திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு வாழையிலை. கொட்டில் வாசலிலேயே பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

"கோப்பையிலும் பாக்க வாழையிலைதான் சுகாதாரம்! எங்கடை பண்பாடும் அதுதான்!"

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஞானாம்பிகை பிள்ளைகளுக்கு நடுவில் நிலத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தாள். மடியில் சிரட்டை. அருந்ததியும் அவளும் அந்த ஒரே சிரட்டைக்குள் கை விட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். தலைவியே சிரட்டையில் சாப்பிடுகிறா என்றால் வெட்கம் எங்கே இருந்து வரும்? எல்லாப் பிள்ளைகளும் மறுபடி வாயை நிரப்பத் தொடங்கிவிட்டார்கள்.

"வள்ளக்காரன் எனக்கு, அன்ரி! நீங்கள் பாயைத் தின்னுங்கோ!" என்று கத்தினாள் அருந்ததி. இராசாத்தி கூடச் சிரித்துவிட்டாள்.

'எச்சில்!' கமலாவதிக்கு உடம்பு கூசியது.

அப்போதுதான் அருந்ததி அவளைக் கண்டாள். வாழையிலைக் கட்டோடு ஒரு அன்ரி தனியே நிற்பது பாவமாக இருந்திருக்க வேண்டும். சிரட்டைக்குள்ளிருந்து ஒரு பப்பாத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே, அன்ரி? இந்தாங்கோ."

சின்னக் கை, சாறு வழிந்துகொண்டிருந்தது. தாய்மார் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கமலாவதியின் கை நீளவில்லை. நல்லவேளையாக அன்று புரட்டாசிச் சனி என்பது நினைவுக்கு வந்தது. காலையில் வயிறு முட்டப் பிட்டுச் சாப்பிட்டது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

"வேண்டாம் பிள்ளை. அன்ரிக்கு இண்டைக்கு விரதம்."

அருந்ததி நீட்டிய கையை மடக்கவில்லை.

"விரதகாரர் பழம் சாப்பிடலாம்தானே, அன்ரி?"