பவுண் கிடந்த ஆழம்

“ஆணி,” என்றான் மார்க்கண்டு, கருவியின் காதுக் குழாயைக் கழற்றாமலே. சோமசேகரம் மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தினான். ஆணிதான், துருவேறி வளைந்துபோயிருந்தது.

காலையிலிருந்து அந்த வீட்டு வளவு தந்தது ஏழு ஆணி, ஒரு மாட்டு லாடம், ஒரு தகர மூடி. அவர்கள் தேடியது ஒரேயொரு தங்கப் பவுண்.

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று ஊரே நகைநட்டை மண்ணுக்குள் ஒளித்த வருடம், சோமசேகரத்தின் தகப்பனும் அந்தப் பவுணை எங்கேயோ புதைத்தார். மகனின் தாலிக்கு இதைத்தான் உருக்க வேண்டும் என்று அடுத்த வருடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். புதைத்த இடத்தை மட்டும் சொல்லவில்லையாம். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது தாய் தங்கமுத்து ஒருத்திதான்.

பொன்னுருக்கு இல்லாமல் தாலி ஏது, தாலி இல்லாமல் கலியாணம் ஏது? வேறு பவுண் வாங்கி உருக்குவோம் என்று யார் வாயெடுத்தாலும் தங்கமுத்து மூக்கைச் சிந்தினாள். மூன்று வருடமாக மகன் வளவைக் கொத்திக் கொத்தியே களைத்துப்போனான்.

அச்சுவேலியில் இராசமலர் காத்திருந்தாள். ஓடு போட்ட சீதன வீடும் காத்திருந்தது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை அங்கே குடிபோவதுதான் ஊர் வழக்கம்; தாய் இங்கே தனி. ஆனால் இந்த ஆவணியும் தப்பினால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண்ணின் தகப்பன் சொல்லியனுப்பிவிட்டார். அதைக் கேட்ட நாள்முதல் சோமசேகரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் செய்தியைக் கொண்டுவந்த மார்க்கண்டு, இராசமலரின் ஒன்றுவிட்ட தமையன். சண்டை முடிந்து பட்டாளம் பலாலியில் சாமான்களை ஏலம் போட்டபோது, கண்ணிவெடி தேடும் கருவி ஒன்றை எடுத்துவைத்திருந்தான். ஒரு நீளத் தடி, நுனியில் தட்டு, முதுகில் மின்சாரம் தரும் பற்றரிப் பெட்டி, அதில் இரண்டு திருகு. செம்மண்ணில் இரும்பு கலந்திருப்பதால் கருவி சும்மாவே முனகுமாம். முதல் திருகால் அந்த முனகலை அடக்கிவிட்டு, மற்றத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் ஆழத்தில் கிடப்பது கேட்குமாம். சோமசேகரத்துக்குப் பாதி விளங்கியது, மீதிக்குத் தலையாட்டினான்.

“ஆணியெல்லாம் மேலை கிடக்கு. இன்னும் ஆழமாப் பாப்பம்,” என்று மார்க்கண்டு திருகை ஒரு நூல் கூட்டினான்.

அந்த நேரம் பார்த்துத் தங்கமுத்து தேத்தண்ணியோடு வந்தாள். மார்க்கண்டு தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினான். காதுக் குழாய் வீரிட்ட சத்தம் சோமசேகரத்துக்கே கேட்டது.

“என்ரை இடுப்பிலை பூட்டுத் திறப்புக் கோர்வை கிடக்கு, தம்பி. அதுக்குத்தான் உது கத்துது,” என்றாள் தங்கமுத்து.

மார்க்கண்டு தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான். பிறகு கிணற்றடி, வாழையடி, மாட்டுக்கொட்டில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் திருகு ஒரு நூல் ஏறியது, வெட்டிய கிடங்கு ஒரு முழம் இறங்கியது. மண்ணை அரித்துப் பார்க்க அரிதட்டு எடுக்கப் போன சோமசேகரம், அறைப் பூட்டில் தொங்கிய தாயின் திறப்புக் கோர்வையைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்து எடுத்து வந்தான். சற்று நேரத்தில் சாப்பிடக் கூப்பிட வந்த தங்கமுத்து கிட்ட நின்றபோதும் கருவி கத்தியது. அது பழகிப்போனதால் சோமசேகரம் கவனிக்கவில்லை.

சாப்பிட்டு எழுந்த கையோடு, பற்றரி சோர்ந்துவிட்டது, அச்சுவேலிக்குப் போய்ப் புதிது கொண்டுவருகிறேன் என்று மார்க்கண்டு சைக்கிளை எடுத்தான். வெயில் தாழத்தான் திரும்பி வந்தான். திருகை முடிந்தமட்டும் ஏற்றிவிட்டு நேராக முருங்கையடிக்குப் போனான். அந்த இடத்தை இரண்டு தரம் கொத்தியாயிற்றே என்று சோமசேகரம் சலித்துக்கொண்டான்.

“மாமி, நீங்களும் வந்து பாருங்கோ,” என்று மார்க்கண்டு கூப்பிட்டான். பிறகு குனிந்து அங்கிருந்த பழைய கிடங்குக்குள் கையை விட்டான். விட்ட கை பொத்தியபடி இருந்தது போலச் சோமசேகரத்துக்குப் பட்டது.

வெளியே வந்த கை விரிந்தது. உள்ளங்கையில் மண்கூட ஒட்டாமல் ஒரு தங்கப் பவுண் மின்னியது.

சோமசேகரம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் துள்ளினான். கை பொத்தியிருந்தது, விரிந்திருந்தது எல்லாம் அந்த நிமிடமே மறந்துபோயிற்று. ஆவணி தப்பாது, இராசமலரும் தப்பமாட்டாள்.

“இந்தாங்கோ மாமி, மாமா புதைச்ச பவுண். நாளைக்கே நாள் பாத்து உருக்குவம்,” என்றான் மார்க்கண்டு.

தங்கமுத்து அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் சிவந்தது. செத்துப்போன மனுசன் ஆசையாகச் சொன்ன ஒரே சொல் அவள் கண்முன்னால் பொய்க்கப் போகிறது.

“உது உன்ரை அப்பரின்ரை பவுண் இல்லை,” என்று மகனிடம் சீறினாள். “ஆரின்ரையோ பவுணை உருக்கி என்ரை பிள்ளை தாலி கட்டுறதோ?”

“மண்ணுக்கை கிடந்த பவுண், மாமி. மாமாவின்ரை இல்லையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” மார்க்கண்டு கருவியை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டான்.

தங்கமுத்து வந்த ஆத்திரத்தில் இடுப்பில் ஓங்கித் தட்டினாள்.

“அவரின்ரை பவுண் என்ரை மடியிலையெல்லோ கிடக்கு.”