குல்ஃபிக்கு விழுந்த சிக்கு

“கழுத்துக்குக் கீழே இன்னும் சிக்கு இருக்குப்பா. கையை நன்னாத் தூக்கி வாருங்கோ.”

எதிர் பால்கனியில் மானசாவின் குரல் கேட்டதும் அகிலாண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மழைக்காலத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து மானசாவின் மாமனார் சுந்தரராமனுக்கு வலது கை மடியிலேயே கிடந்தது. அந்தக் கையில் சீப்பைச் செருகி, தினமும் நாய்க்கு முடி வாரச் சொல்கிறாள் மருமகள்.

அவரோ ரோஷக்காரர். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த ஃபிசியோதெரபிஸ்டையே, “பந்தை அமுக்கிண்டு உக்கார நான் என்ன எல்கேஜியா?” என்று திருப்பி அனுப்பியவர். நாய் என்றால் மட்டும் உயிர்.

நாய் குல்ஃபி, கோலி என்கிற வெளிநாட்டு ஜாதி. ஆடு மேய்க்கப் பிறந்தது. வீட்டில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்தால் பொறுக்காது. மூக்கால் இடித்து இடித்து எல்லோரையும் ஒரே அறைக்கு ஓட்டி வந்துவிடும். உடம்பெல்லாம் விரல் புதையும் முடி.

கிங்ஸ் சர்க்கிள் காய்கறிக் கடையில் மானசாவைப் பார்த்ததும் அகிலாண்டம் கேட்டேவிட்டாள்.

“அந்த முடியை ஒட்ட வெட்டிட்டா என்ன? மும்பை வெயிலுக்கு அதுக்கும் சுகம்.”

“வெட்டக் கூடாது மாமி. ரெண்டு அடுக்கு முடி அதுக்கு. மேல் அடுக்குதான் வெயில் தோல்ல படாம காப்பாத்தறது. தினம் வாரிவிட்டாப் போதும்.”

“வார நீ இருக்கே, உன் ஆம்படையான் இருக்கான். முடியாத மனுஷர்தான் கிடைச்சாரா?”

மானசா கொத்தமல்லியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த அலட்சியம்தான் அகிலாண்டத்துக்குத் தாங்கவில்லை. பெரியவர் சார்பாகக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? மறுநாள் மாலை நேரே அந்த வீட்டுக்கே போனாள்.

கதவு திறந்திருந்தது. ஹாலில் குல்ஃபி கண்ணை மூடிப் படுத்திருக்க, மானசா அதை வாரி முடித்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால், வயிற்றுப் பக்கம், வால் எல்லாம் ஒரு இழை பிசகாமல் படிந்திருந்தது.

அகிலாண்டம் வாசலிலேயே நின்றுவிட்டாள். இவளேதான் வாருகிறாளா?

மானசா சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் கழுத்து முடியை எதிர்ப்பக்கமாகத் தேய்த்து, கலைத்து, மறுபடி சிக்காக்க ஆரம்பித்தாள்.

“என்னடி பண்றே?”

மானசா திடுக்கிட்டுத் திரும்பி, உள்ளறையைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவா, மாமி. நேத்திக்குத்தான் அப்பா தானே டம்ளரைப் பிடிச்சுண்டு காபி குடிச்சார். சிக்கு இல்லேன்னா அவர் கையைத் தூக்க மாட்டார்.”